ஒரு தொல்லியலாளரின் ஆய்வுப் பங்களிப்பை எடைபோடுவது எப்படி?

பாலித் தீவின் வடகரையில் உள்ள செம்பிரானில் கிடைத்த சில பானை ஓடுகளை ஆய்வாளர்கள் ‘அரிக்கமேடு 10-ஆம் வகை’ என்று குறிக்கிறார்கள். அந்த 10 எங்கிருந்து வந்தது? 1945-இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலரும் அவருடைய குழுவும் கிடைத்த மட்கலங்களை வடிவம் பார்த்துப் பிரித்து, வரிசை எண் இட்டார்கள். அறிக்கை அடுத்த ஆண்டே, 1946-இல், ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ ஆய்விதழின் 2-ஆம் இதழில் வந்துவிட்டது. அதில் 1-ஆம் வகை, உட்புறம் புள்ளி வரி ஓடும் ரௌலட்டட் தட்டு. 10-ஆம் வகை, உட்புறம் முத்திரை குத்திய கிண்ணம். இன்றைக்கு அப்படியொரு ஓட்டைக் கையில் எடுப்பவர் வீலரின் அறிக்கையை அடிக்குறிப்பில் போடலாம், போடாமலும் விடலாம். அந்த எண்ணைச் சொல்லாமல் மட்டும் எழுத முடியாது.

தொல்லியலில் செல்வாக்கு என்பது பெரும்பாலும் இந்த மாதிரிதான் வேலை செய்கிறது. ஒருவர் விட்டுச் சென்ற எண், வரைபடம், வகைப்பாடு ஆகியவற்றைப் பிறர் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஓர் ஆய்வைப் பிறர் தங்கள் எழுத்தில் எத்தனை முறை சுட்டினார்கள் என்று கணினி எண்ணித் தரும் மேற்கோள் கணக்கில் இது முழுதாக விழாது. ஒரு தொல்லியலாளர் எவ்வளவு செய்திருக்கிறார், அதன் தாக்கம் எவ்வளவு என்று அறிய விரும்பும் புதியவர் இந்த இடைவெளியை முதலில் புரிந்துகொள்வது நல்லது.

என்னென்ன கணக்கில் வரும்?

வேதியியலில் ஒருவர் செய்த சோதனையை இன்னொருவர் நாளைக்கே திரும்பச் செய்து பார்க்கலாம். அகழாய்வில் அது நடக்காது. ஒரு மண்ணடுக்கை அகற்றிவிட்டால் போனது போனதுதான். மிஞ்சுவது குறிப்பேடு, வரைபடம், நிழற்படம், மூட்டை கட்டிய பொருட்கள். அதனால் அகழாய்வாளரின் முதன்மையான வெளியீடு அகழாய்வு அறிக்கைதான். அறிக்கை வெளிவராத அகழாய்வை அழிவு என்றே துறைக்குள் சொல்வார்கள். கடுமையான சொல், ஆனால் பொருத்தமானது.

அறிக்கை மூன்று படிகளில் வருவது வழக்கம். முதலில் செய்தி, பிறகு முன்னறிக்கை, கடைசியில் இறுதி அறிக்கை. மொகஞ்சதாரோ, ஹரப்பா கண்டுபிடிப்பை ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924 செப்டம்பர் 20 அன்று, லண்டனில் வெளியான ஒரு படவார இதழில். 1922 முதல் 1927 வரை மொகஞ்சதாரோவில் நடந்த அகழாய்வுகளின் முழு அறிக்கை மூன்று தொகுதிகளாக வந்தது 1931-இல். முன்னறிக்கை என்பது ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் எழுதும் சில பக்கங்கள். இந்தியத் தொல்லியல் துறை 1953-54 முதல் வெளியிட்டுவரும் ஆண்டுத் தொகுப்பில் ஓர் ஊருக்கு ஒரு பத்தியோ சில பக்கங்களோதான் இருக்கும். பல ஊர்களைப் பற்றி அச்சில் இருப்பதே அந்த ஒரு பத்திதான் என்பது துறையின் பழைய நோய்.

இறுதி அறிக்கை ஏன் தாமதமாகிறது? தோண்டுவதற்குப் பணம் கிடைக்கிறது, எழுதுவதற்குக் கிடைப்பதில்லை. தோண்டி முடித்தபின் ஓடுகளைக் கழுவ வேண்டும், எண் எழுத வேண்டும், வரைய வேண்டும், எலும்பையும் விதையையும் அவரவர் நிபுணருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அதற்குள் இயக்குநர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார், அல்லது ஓய்வு பெற்றுவிடுவார். பிரிட்டிஷ் தொல்லியலாளர் கேத்லீன் கென்யன் பாலஸ்தீனத்தின் ஜெரிக்கோவில் அகழ்ந்தது 1952 முதல் 1958 வரை. முதல் இரு தொகுதிகள் 1960-லும் 1965-லும் வந்தன. அவர் 1978-இல் இறந்தார். மற்ற மூன்று தொகுதிகளும் 1981 முதல் 1983 வரை, பிறர் முடித்துக் கொடுத்து வெளிவந்தவை.

அறிக்கைக்கு அப்பால் ஆய்விதழ்க் கட்டுரைகள், தொகுப்பு நூல்களில் இயல்கள், பல இடங்களை இணைத்துப் பார்க்கும் நூல்கள், காசு அல்லது கல்வெட்டு அல்லது மட்கலத் தொகுதிகள், அருங்காட்சியகப் பட்டியல்கள் ஆகியவை உண்டு. பட்டியல் என்றால் சாதாரணம் என்று நினைக்க வேண்டாம். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1912-இல் இறந்தார். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய சேகரிப்பின் விளக்கப் பட்டியல் 1914-இல் வந்தது. எந்தக் கல் எந்த ஊரில் எடுத்தது என்பதற்கு அதுதான் ஆவணம். இப்போது தரவுத் தொகுப்புகளும் வெளியீட்டில் சேரும். பிரிட்டனில் யார்க் பல்கலைக்கழகத்தை இருப்பிடமாகக் கொண்ட தொல்லியல் தரவுக் காப்பகம் 1996 முதல் அகழாய்வுத் தரவுகளைச் சேமித்து வருகிறது.

எளிதில் கண்ணில் படாத ஒரு வகை, பின்னிணைப்பு. விலங்கெலும்பு நிபுணரோ தாவர எச்ச நிபுணரோ தம் பணிக்காலம் முழுக்கப் பிறருடைய அறிக்கைகளில் பின்னிணைப்புகள் மட்டுமே எழுதியிருக்கலாம். அவற்றை மேற்கோள் காட்டுபவர்கள் அட்டையில் உள்ள பெயரைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எலும்புகளை எண்ணியவர் கணக்கில் காணாமல் போவார்.

அறிக்கையைத் திறந்ததும் பார்க்க வேண்டியவை

பக்க எண்ணிக்கையையோ வண்ணப் படங்களையோ வைத்து மயங்க வேண்டாம். முதலில் குழிச்சுவர் வரைபடத்தைத் தேடுங்கள். அதில் அளவுகோல் இருக்கிறதா, ஒவ்வொரு அடுக்குக்கும் எண் இருக்கிறதா, உயரத்துக்கு அடிப்படையாக எடுத்த நிலைப்புள்ளி எது என்று சொல்லியிருக்கிறதா? அடுத்து, பொருட்பட்டியலுக்குப் போய் ஏதாவது ஒரு மணியையோ காசையோ எடுத்துக்கொண்டு, அது எந்தக் குழி, எந்த அடுக்கு என்று பின்தொடருங்கள். அந்த அடுக்கு எண் வரைபடத்திலும் இருந்தால் அறிக்கை வேலைக்கு ஆகும். ‘1.80 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது’ என்று மட்டும் இருந்தால் போதாது. மண்ணடுக்குகள் சாய்ந்தும் வளைந்தும் கிடக்கும், பழைய குப்பைக் குழிகள் அவற்றை வெட்டிச் செல்லும். ஒரே ஆழத்தில் இருநூறு ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு பொருட்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியும்.

மார்ஷலின் மொகஞ்சதாரோ அறிக்கைக்கு இந்தக் குறை உண்டு. பொருட்கள் ஆழக் கணக்கில் பதிவாயின, இயல்பான அடுக்கு வரிசையில் பதிவாகவில்லை. வீலர் பின்னாளில் இதைக் கடுமையாகவே விமர்சித்தார். அறிவிப்பு என்ற அளவில் உலக வரலாற்றையே மாற்றிய ஒரு பணி, தரவு என்ற அளவில் பிறருக்கு அரைகுறையாகவே பயன்பட்டது. 1980-களில் ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகக் குழு பழைய நிழற்படங்களையும் களப் பதிவேடுகளையும் நின்றிருந்த சுவர்களையும் ஒப்பிட்டு அந்நகரை மறுபடி ஆவணப்படுத்த வேண்டியிருந்தது.

மட்கலப் பகுதியில், தேர்ந்தெடுத்த ஓடுகளின் படம் மட்டுமே இருக்கிறதா, மொத்த எண்ணிக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ரௌலட்டட் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன’ என்ற வாக்கியத்தை யாரும் பயன்படுத்த முடியாது. எந்த அடுக்கில் மொத்தம் எத்தனை ஓடு, அதில் இந்த வகை எத்தனை என்றிருந்தால்தான் இன்னோர் ஊரோடு ஒப்பிடலாம்.

கரி, விதை போன்றவற்றில் எஞ்சியுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து காலம் சொல்லும் கார்பன்-14 காலக்கணிப்புதான் மிக அதிகமாகத் தவறு நேரும் இடம். சரியான பதிவில் ஆய்வக எண், மாதிரி எதிலிருந்து எடுத்தது, எந்த அடுக்கு, திருத்தாத அளவு பிழை எல்லையுடன், அந்த அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் திருத்த வளைவுகளில் எதைப் பயன்படுத்தினார்கள் என்ற ஐந்தும் இருக்கும். திருத்தாத அளவை பி.பி. என்று எழுதுவார்கள். அது 1950-ஐ நிகழ்காலமாக வைத்துப் பின்னோக்கி எண்ணுவது. இந்த ஐந்தும் இருந்தால், வளைவு மாறும்போது யார் வேண்டுமானாலும் ஆண்டை மறுபடி கணக்கிடலாம். 2020-இல் வந்த இன்ட்கால்20 வளைவுக்குப் பழைய அளவுகள் அப்படித்தான் மாற்றப்படுகின்றன. ‘கி.மு. 580’ என்று ஒற்றை ஆண்டை மட்டும் போட்டுவிட்டால் அதோடு அந்த மாதிரியின் ஆயுள் முடிந்தது.

அதிலும் கி.மு. 800-க்கும் 400-க்கும் இடையில் திருத்த வளைவு ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. 2450 ± 30 பி.பி. என்று ஓர் அளவு வந்தால், அதைத் திருத்தும்போது மூன்று நூற்றாண்டுக்கும் மேல் அகலமுள்ள இடைவெளிதான் கிடைக்கும். அந்தக் காலப்பகுதியில் ஒரே ஒரு மாதிரியை வைத்துத் துல்லியமான ஆண்டு சொல்லும் அறிக்கையைக் கொஞ்சம் ஐயத்தோடு படியுங்கள். மாதிரி மரக்கரியா தானியமா என்பதும் முக்கியம். பெரிய மரத்தின் உள்வயிரம், மரத்தை வெட்டிய நாளைவிட நூறு இருநூறு ஆண்டு முந்தைய காலத்தைக் காட்டக்கூடும். தானிய மணி ஓர் ஆண்டுப் பயிர், அந்தச் சிக்கல் இல்லை.

பட்டியல் போடும்போது

முதல் முட்டுக்கட்டை பெயர். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் வழக்கம் உள்ளவர்களைக் குடும்பப் பெயர் கேட்கும் தரவுத்தளங்கள் இரண்டு மூன்று ஆட்களாக உடைத்துவிடும். ஒரே முதலெழுத்தும் பெயரும் கொண்ட மருத்துவரின் கட்டுரைகள் தொல்லியலாளர் கணக்கில் வந்து விழுவதும் உண்டு. 2012 முதல் வழங்கப்படும் ஆர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண் இதற்குத்தான். அது இல்லாத மூத்தவர்களுக்குப் பெயரை எழுதக்கூடிய எல்லா முறைகளிலும் தேடுவதைத் தவிர வழியில்லை.

எங்கே தேடுவது? ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயன்ஸும் முதன்மையாக ஆய்விதழ்களை எண்ணுபவை. அரசுத் துறை வெளியிட்ட அறிக்கையும், தமிழிலோ வேறு மொழியிலோ எழுதிய நூலும் அவற்றில் பெரும்பாலும் இருக்காது. கூகுள் ஸ்காலர் வலையை அகலமாக வீசும். ஆனால் ஒரே அறிக்கை எழுத்துப்பிழையோடு இரண்டு பதிவாக நிற்பது அங்கே அன்றாடம். நூலகப் பட்டியல்களையும் துறை ஆண்டறிக்கைகளையும் கையால் புரட்டித்தான் முழுமையாக்க வேண்டும்.

கிடைத்ததை ஆண்டு வரிசையில் நிறுத்துவதைவிட அகழ்ந்த ஊர் வரிசையில் நிறுத்துவது பயன் தரும். ஊர், தோண்டிய பருவங்கள், முன்னறிக்கை வந்த ஆண்டு, இறுதி அறிக்கை வந்த ஆண்டு, இயக்குநரா உறுப்பினரா, பொருட்கள் எங்கே இருக்கின்றன என்று கட்டம் போடுங்கள். எண்பது கட்டுரை எழுதியவருக்கு ‘இறுதி அறிக்கை’ என்ற கட்டம் வரிசையாக வெறுமையாக இருந்தால், அந்த எண்பதைப் பற்றிய உங்கள் எண்ணம் மாறும்.

எச்-இன்டெக்ஸ்: ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

2005-இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த அளவு இது. ஒருவருடைய வெளியீடுகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். வரிசை எண்ணுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ மேற்கோள் இருக்கும் கடைசி இடம்தான் எச்.

கற்பனையாக ஒருவருக்குப் பத்து வெளியீடுகள் என்று வையுங்கள். மேற்கோள்கள்: 148, 61, 33, 19, 12, 9, 8, 7, 2, 0. முதலாவதான 148, அவருடைய அகழாய்வு அறிக்கை. ஏழாம் இடத்தில் 8 இருக்கிறது, ஏழைவிடக் கூடுதல். எட்டாம் இடத்தில் 7, எட்டைவிடக் குறைவு. எச் 7. மொத்த மேற்கோள் 299.

இப்போது அந்த அறிக்கை தரவுத்தளத்தில் இரண்டு பதிவாக உடைந்து, 97 என்றும் 51 என்றும் நிற்கிறது. வரிசை 97, 61, 51, 33, 19, 12, 9, 8, 7, 2, 0 என்றாகும். எட்டாம் இடத்தில் 8. எச் 8 ஆகிவிட்டது. யாரோ ஒருவருடைய தட்டச்சுப் பிழையால் அவர் ஒரு படி உயர்ந்துவிட்டார்.

மாறாக, அறிக்கை தரவுத்தளத்தில் இல்லவே இல்லை என்று வையுங்கள். மிஞ்சுவது 61, 33, 19, 12, 9, 8, 7, 2, 0. ஏழாம் இடத்தில் 7. எச் அதே 7! மொத்த மேற்கோள் 151-ஆகக் குறைந்து ஏறக்குறைய பாதியாகிவிட்டது, எச் அசையவில்லை. அறிக்கையின் 148 மேற்கோள் 1,480 ஆனாலும் அசையாது. பத்தாண்டு உழைத்து ஒரு பெரிய அறிக்கை எழுதுபவரைவிட, அதையே பத்துக் கட்டுரையாக நறுக்கித் தருபவருக்கு இந்த அளவு சாதகமாக இருப்பதன் காரணம் இதுதான்.

ஆய்விதழின் தாக்கக் காரணி இன்னும் பொருந்தாது. அதன் வழக்கமான கணக்கு, முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு பெற்ற மேற்கோள்களை மட்டுமே பார்க்கிறது. தொல்லியலில் ஓர் அறிக்கைக்கு உண்மையான தேவை, பக்கத்து ஊரை யாராவது தோண்டும்போதுதான் வரும். அது இருபது ஆண்டு கழித்தும் இருக்கலாம். துறைக்குள்ளேயே வேகம் வேறு வேறு. 2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த தெற்கு, நடு ஆசிய மக்கள் உருவாக்கம் பற்றிய தொல்மரபணுக் கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், 523 பண்டைய மனிதர்களின் தரவு. இத்தகைய கட்டுரைக்கு மேற்கோள் மளமளவென்று குவியும், பட்டியலில் உள்ள ஒவ்வொருவர் பெயரிலும் முழு எண்ணிக்கை ஏறும். அதை ஒருவர் தனியாக எழுதிய மட்கல ஆய்வோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், அதே உட்பிரிவில் அதே தலைமுறையில் உள்ளவரோடு, ஒரே தரவுத்தளத்தில், ஒரே நாளில் எடுத்த எண்களை வைத்து ஒப்பிடுங்கள்.

எண்ணில் விழாத செல்வாக்கு

ஒரு கருத்து நன்றாக ஊறிவிட்டால் அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்ற பகுப்பை கோபன்ஹேகன் அருங்காட்சியகத்துக்காக வகுத்தவர் கிறிஸ்டியன் தாம்சன். அது 1836-இல் ஒரு வழிகாட்டி நூலில் அச்சேறியது. ‘இரும்புக் காலம்’ என்று எழுதும்போது இன்றைக்கு யார் தாம்சனுக்கு அடிக்குறிப்பு போடுகிறார்கள்? எட்வர்ட் ஹாரிஸ் 1973-இல் உருவாக்கிய அடுக்கு வரிசைக் கட்டப்படமும் இந்த வழியில்தான் போகிறது. எந்த அடுக்கு எதற்கு மேல், எது எதற்குக் கீழ் என்று கட்டங்களையும் கோடுகளையும் கொண்டு காட்டும் அந்தப் படத்தைக் களத்தில் தினமும் வரைகிறார்கள். ஹாரிஸின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டதால் மட்டும் அவர் தப்பித்தார்.

பயிற்சி இன்னொரு வழி. 1944-இல் தட்சசீலத்தில் வீலர் நடத்திய களப் பயிற்சியில் கற்றவர்கள் பின்னர் இந்தியத் தொல்லியலைப் பல ஆண்டுகள் நடத்தினார்கள், பி.பி. லால் அவர்களில் ஒருவர். சதுரக் குழிகளுக்கு நடுவே மண்சுவரை விட்டுத் தோண்டும் முறை அவர்கள் வழியாகத்தான் பரவியது. இதை அறிய அறிக்கைகளின் நன்றியுரைகளையும், குழி அமைப்பு வரைபடங்களையும் பார்க்க வேண்டும். மேற்கோள் பட்டியலில் தெரியாது.

மேற்கோள் இருக்கும் இடத்திலும், எதற்காக என்று பார்க்காமல் எண்ணக் கூடாது. போகிற போக்கில் பத்துப் பெயர்களை அடைப்புக்குறிக்குள் அடுக்கும் மேற்கோள் உண்டு. குறிப்பிட்ட பட எண்ணைச் சுட்டி, ‘இந்த விளிம்பு அந்த விளிம்பை ஒத்தது’ என்று சொல்லும் மேற்கோளும் உண்டு. இரண்டாவது வகைதான் ஓர் அறிக்கை உயிரோடு இருப்பதற்கு அடையாளம். மூன்றாவது வகை, மறுப்பு.

அரிக்கமேட்டுக்கே திரும்புவோம். இத்தாலியில் செய்த அரெட்டைன் கலங்களின் காலம் வீலருக்குத் தெரியும். அதே இடத்தில் கிடைத்த ரௌலட்டட் ஓடுகளுக்கும் அதை வைத்துக் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி ஒரு காலம் கொடுத்தார். பிறகு எந்த ஊரில் ரௌலட்டட் ஓடு கிடைத்தாலும் அந்தக் காலமே சாவியாகப் பயன்பட்டது. அப்படி எழுதிய ஒவ்வொருவரும் வீலருக்கு ஒரு மேற்கோளைக் கூட்டினார்கள். 1983-இல் விமலா பெக்லி, அரிக்கமேட்டின் அடுக்குகளையும் மட்கலங்களையும் மறுபடி ஆராய்ந்து, அங்கே குடியிருப்பு தொடங்கியது வீலர் சொன்னதற்கும் முன்பு என்றார். ரௌலட்டட் ஓட்டையும் கி.மு. நூற்றாண்டுகளுக்குக் கொண்டுபோனார். அவரும் வீலரை மேற்கோள் காட்டினார். எண்ணிக்கையில் அதுவும் ஒன்றுதான், ஆமோதித்தவர்களின் மேற்கோளும் ஒன்றுதான்.

அந்த மறுப்பைக் கவனித்தால் ஒன்று தெரியும். எந்த ஓடு எந்த அடுக்கில், எந்த ஓட்டுக்குக் கீழே கிடந்தது என்பது அச்சில் இருந்ததால்தான் வீலரின் முடிவை வீலரின் சான்றைக் கொண்டே கேள்வி கேட்க முடிந்தது. அவர் சொன்ன காலம் மாறியது. 10-ஆம் வகை என்ற எண் மாறவில்லை.